நான் நல்லாயிருக்கேன் என்று சொன்னால்

பிரமீளா, ஞாயிற்றுக்கிழமை நீ என்னோடு வருவதானால்
இதைப் படித்துவிட்டு வா.
தடாவில் இறங்க வேண்டும். ஆரம்பாக்கம் தாண்டியதும் தூங்கிவிடாதே.

ஏரியைப் பார்த்ததும் சிரிப்பாய்.
இதற்கா இந்த மிதவைச் சட்டை, இத்தனை வார், இந்த விசில்?
முழங்கால் தண்ணீர்.
வலைக்காரர்கள் நடந்தே போகிறார்கள்.
பூநாரைகள் நின்றபடி தூங்குகின்றன.
நானும் சிரித்தேன்.

சேஷய்யா நீட்டிய தாளில்
ஏதேனும் நோய் உண்டா என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன்.
பதினாறு வருடமாக ஊசி போட்டுக்கொள்கிற கை.
கையெழுத்து அழகாகத்தான் வந்திருந்தது.

அந்த ஏரியில் டவர் நிலையாய் நிற்காது.
ஒரு துடுப்புக்குத் தமிழ்நாடு வரவேற்கும்,
மறு துடுப்புக்கு ஆந்திரா.
பைக்குள் போன் இரண்டாம் முறை கூவியபோது
அதுவும் ஏதோ ஒரு மாநிலம் என்று விட்டுவிட்டேன்.
அது என் புஜத்தில் ஒட்டியிருக்கும் சென்சார்.
ஐம்பத்தெட்டு.
பக்கத்தில் கீழ்நோக்கி அம்பு.

சர்க்கரை இறங்கினால் மயக்கம் வரும் என்பார்கள்.
எனக்கு முதலில் வருவது கோபம்.
திரும்பலாமா மேடம் என்றவரிடம்
காசு கொடுத்திருக்கேன், பதினொன்று வரைக்கும் என் நேரம் என்றேன்.
நாக்கு தடித்தது.
ஒரு பூநாரை இரண்டாயிற்று,
இரண்டும் என்னைப் பற்றித் தெலுங்கில் பேசின.
நல்லாயிருக்கேன்.
நல்லாயிருக்கேன்.
மூன்றாம் முறை சொன்னது தண்ணீருக்குள்.

முழங்கால் தண்ணீர்தான்.
குப்புற விழுந்தவளுக்கு முழங்கால் போதும்.
புழுக்கமென்று வாரைத் தளர்த்தியிருந்தேன்,
சட்டை காது வரை ஏறித்
தான் மட்டும் மிதந்தது.
சேற்றில் புதையப் புதைய வந்து
முடியைப் பிடித்துத் தூக்கினார் சேஷய்யா.
குடிச்சிருக்கீங்களா என்று கேட்டார்.
வேறென்ன கேட்பார்?
இல்லை என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

இறால் படகிலிருந்த ஒரு பெண்தான்
எங்க வீட்டுக்காரருக்கும் இதேதான் என்று தெலுங்கில் அதட்டி
டீக்கு வைத்திருந்த சர்க்கரையை
மீன் வாசனையோடு என் கன்னத்துக்குள் அடக்கினாள்.
அவள் பெயரைக் கேட்க மறந்தேன்.

ஆகவே, கேள்.
ஏறுமுன் எண்ணை நீயும் பார்.
நூற்றைம்பதுக்குக் கீழ் என்றால் நான் ஏறுவதில்லை,
அது டாக்டர் எனக்கென்று போட்ட கோடு.
இன்சுலின் கரையில், ஈரத்துணியில் இருக்கும்.
குளுக்கோஸ் என் இடது பையில் ஒன்று, உன் பையில் ஒன்று.
படகில் வேண்டாம்.
கவிழ்ந்தால் படகு ஓர் ஊருக்குப் போகும், நாம் ஓர் ஊருக்கு.
கடலைமிட்டாய் அப்புறம்,
அதை மெல்ல ஒரு நிதானம் வேண்டும்.
பதினொன்றுக்குக் கொண்டல் எழும்.
அதற்குள் கரை.

நடுநடுவே என் பேட்ஜ் எண்ணைக் கேள்,
கம்பெனி கேட்டில் கேட்கிற மாதிரி.
தடுமாறினாலும் கொடு.
சரியாகச் சொல்லி உன்மேல் எரிந்து விழுந்தாலும் கொடு.
விழுங்க முடியாமல் கிடந்தால் மட்டும்
வாயில் எதுவும் வைக்காதே.
முகத்தை வானத்துக்குத் திருப்பிப் பிடி. விசிலை ஊது.

நல்லாயிருக்கேன் என்பேன்.
தெளிவாக, கண்ணைப் பார்த்துச் சொல்வேன்.
நம்பாதே.
முப்பத்திரண்டு வயதில்
என்னை நம்பாதே என்று ஒருத்தியிடம் கேட்பதற்கு
நாலு வாரம் ஆயிற்று எனக்கு.
சண்டை போட வேண்டுமானால் கரையில் போடலாம்,
சேஷய்யா பெஞ்ச் வைத்திருக்கிறார்.

புதுத் தாளிலும் அந்தக் கட்டம் சின்னதுதான்.
எழுதியது ஓரத்துக்கு வழிந்துவிட்டது.
அதன் கீழே
உடன் வருபவர் என்று ஒரு கோடு.
பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.
உன் பெயரில் மீ நெடில்தானே?