கடினத்தன்மை

மண்டபத்தில் கச்சான் காற்று. ஞாயிறு.
காப்பி மெஷினின் மஞ்சள் விளக்கு
மூன்று வாரமாகக் கண்ணடிக்கிறது.
நானும் மூன்று வாரமாகப்
பார்க்காத மாதிரி குடித்துக்கொண்டிருக்கிறேன்.

முன்பெல்லாம் நாலு நிமிடத்தில் இறங்கும்.
இப்போது பதினொன்று.
அதுவும் சளி கட்டிய நெஞ்சு மாதிரி
இருமி இருமி.

தண்ணீரை அளப்பது என் வேலை.
வேதாளை, உச்சிப்புளி, மரைக்காயர்பட்டினம் என்று
ஊர்ப்பெயர் ஒட்டிய குப்பிகள் வரும்.
ஒயின் சிவப்பு நீலமாகிற
அந்த ஒரே ஒரு சொட்டுக்காகக்
கண்ணாடிக் குழாயின் திருகை விரலில் பிடித்து நிற்பேன்.
ஒருநாள் யாருக்கும் சொல்லாமல்
என் வீட்டு போர் தண்ணீரையும் அளந்தேன்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
குடிக்க ஆகாது என்று நானே கையெழுத்துப் போட்டு
நானே கிழித்தும் போட்டேன்.

பிலோமின் இருந்தவரை
மெஷினுக்குக் கேன் தண்ணீர்தான்.
மஸ்கட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து
அவள் அறையைக் காலி செய்த மறுநாள்,
ஒருத்திக்கு எதற்கு நாற்பது ரூபாய் என்று
குழாயைத் திறந்தேன்.

எலுமிச்சை உப்பு ஐம்பது கிராம்.
ஊறுகாய்க்கா என்றார் கடைக்காரர்.
மெஷினுக்கு என்றேன்.
மேற்கொண்டு கேட்கவில்லை,
சில்லறையை எண்ணித் தந்தார்.

தொட்டியைக் கழற்றி வெயிலில் சாய்த்தால்
உள்ளே ஒரு பவளப்பாறை.
குருசடைத் தீவில் கண்ணாடி மாட்டிக் குனிந்து பார்த்த
அதே வெள்ளை, அதே சொரசொரப்பு.
சரக்கும் அதேதான்.
கடலுக்கு ஆயிரம் வருஷம் ஆனது,
எனக்கு நாலு மாதம்.

வெந்நீரில் கரைத்து ஊற்றினேன்.
சுர்ரென்றது.
பொடிப்பொடியாய்க் குமிழி.
பாதி ஓடவிட்டு, நிறுத்தி,
அரைமணி ஊறவிட்டு, மறுபடி ஓடவிட்டேன்.
வெளியே வந்தது தவிட்டு நிறக் கஞ்சி,
அடியில் முட்டைஓட்டுச் சில்லுகள்.

இனி அலச வேண்டும், மூன்று தடவை.
அதைப் போரில் அலச முடியாது.
நாலு மாதம் மிச்சம் பிடித்த நல்ல தண்ணீர்
ஒரே மத்தியானத்தில்
சாக்கடையில் போனது.

மூன்றாம் அலசலில்தான் தெரிந்தது
தொட்டியின் பக்கவாட்டில்
சுண்ணாம்பு மூடியிருந்த ஒரு கோடு.
நகப்பூச்சு. மாதுளை நிறம்.
இரண்டு பேருக்கு இவ்வளவு போதும் என்று
அவள் இழுத்தது.
எலுமிச்சை உப்பு அதை ஒன்றும் செய்யவில்லை.
நானும் சுரண்டவில்லை.

எல்லாம் சுத்தம்.
விளக்கு மட்டும் கண்ணடிக்கிறது.
கழுவியது அதற்குத் தெரியாதாம்,
சொல்ல வேண்டுமாம். எப்படி?
குறிப்புப் புத்தகம் அவள் பெட்டியோடு போய்விட்டது.

நாலு மாதத்தில் நான் அனுப்பிய முதல் செய்தி:
‘எந்தப் பட்டன்?’

எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கலாம்.
அனுப்பிய பிறகு தோன்றியது.

மீன் வண்டி ஒன்று கடந்து போவதற்குள் பதில்:
‘ரெண்டையும் சேத்து அமுக்கு நம்பு.
அஞ்சு எண்ணு.’

எண்ணினேன்.
அணைந்தது.

கேனைச் சாய்த்து,
கோடு வரைக்கும் ஊற்றினேன்.
நாலே நிமிடம். இருமல் இல்லை.
ஒரு வாய் குடித்துவிட்டு எழுதினேன்:
‘கொஞ்சம் புளிக்குது.’

சாம்பல் நிறத்தில் இரண்டு டிக்.
காப்பி ஆறுகிறது.
குழாயின் திருகைப் பிடிக்கிற மாதிரியே
போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்,
அந்த நீலத்துக்கு.