பென்சிலில் ஒரு சண்டை

மழையிடம் அனுமதி கேட்டுக் கிளம்புகிறவர்
சிலோயே தீவுகளில் யாருமில்லை.
பையில் முப்பது புத்தகம், மேலே பிளாஸ்டிக் உறை,
உறைக்கு மேல் நசுங்கிய என் மதியச் சாப்பாடு.
படகிலிருந்து இறங்கியதும் சேறு.
சேற்றைத் தாண்டினால் பள்ளி:
பதினோரு பிள்ளைகள், ஒரே வகுப்பு, ஒரே விறகடுப்பு,
அதைச் சுற்றிக் காயும் இருபத்திரண்டு சப்பாத்துகள்.

ஆசிரியர் எலியோதோரோ
குலுக்கிய கையை விடாமலே சொன்னார்:
"ஒன்பதாம் பக்கம் மட்டும் வேண்டாமே, சென்யோரா.
ஊர் சின்னது."

ஒன்பதாம் பக்கத்தில் அப்படியொன்றுமில்லை.
இரண்டு பெண்கள் உருளைக்கிழங்குத் தோல் சீவுகிறார்கள்.
நடுவில் ஒரு பையன்.
இவர்கள் என் அம்மாக்கள் என்கிறான்.
அவ்வளவுதான்.
எனக்கு ஐம்பத்தெட்டு வயது.
காது கேட்காதவள் போல் சிரிக்கத் தெரியும்.

ஒன்பதாம் பக்கம் வந்தது.
வாசித்தேன்.
அடுப்பில் ஒரு விறகு வெடித்தது.
வேறெதுவும் வெடிக்கவில்லை.

பிறகு கேள்விகள்.
கதையில் நாய் ஏன் இல்லை என்றான் ஒருவன்.
உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்றான் இன்னொருவன்.
சொன்னேன்.
பாவம் என்றான்.

ஜன்னலோரத்திலிருந்து அயேலென்,
கையைத் தூக்காமலே:
"இந்த அம்மாக்கள் பொய்."

ஆசிரியர் எழுந்துவிட்டார்.
என் தொண்டையில் பதில் தயார்.
பன்னிரண்டு வருடமாய்
பாதிரிமாரிடமும் பெற்றோர் கூட்டங்களிலும்
சொல்லிச் சொல்லி விளிம்பு தேய்ந்த பதில்.
அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஒரு பக்கத்தில்கூட சண்டை போடலையே இவங்க.
எங்க வீட்டில் கேஸ் தீர்ந்தால்
போன தடவை யார் சிலிண்டர் மாத்தினது என்று
ராத்திரி வரைக்கும் கத்துவாங்க.
நோர்மா அம்மா கதவை அறைந்து சாத்துவாங்க.
துல்சே அம்மா அதைத் திறந்து
'கதவை மெதுவாச் சாத்தணும்' என்று சொல்லிவிட்டு
அறைந்து சாத்துவாங்க.
அப்புறம் சால்மன் ஆலைக்கு ராத்திரி வேலை.
ஒரே பஸ்.
பக்கத்துப் பக்கத்து சீட்.
பேசவே மாட்டாங்க.
ஆனா துல்சே அம்மா தூங்கிவிழுந்தால்
நோர்மா அம்மா தோளைக் கொஞ்சம் இறக்கிவைப்பாங்க.
கோபத்தோடதான்."

பத்துப் பேரும் தலையாட்டினார்கள்.
அவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை.
எங்கள் வீட்டில் மாமாவும்
மாமாவை விட்டுப்போன அத்தையும் என்றான் நாய் கேட்ட பையன்.
அத்தை சாப்பிட மட்டும் வருவாள்,
என் கணக்குப் பாடத்தைப் பார்ப்பாள்,
மாமாவின் முகத்தைப் பார்க்கமாட்டாள்.
"அந்த மாதிரிக் குடும்பத்துக்கு என்ன பேர்?"
எழுதிப் பிழைக்கிறவள் நான்.
எனக்குத் தெரியவில்லை.
"நாங்க மூணு தட்டு என்று சொல்வோம்" என்றான்,
எனக்கு உதவுகிற குரலில்.

வாசலில் எலியோதோரோ குடையை விரித்தபடி சொன்னார்:
"எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்களோ என்றுதான் பயந்தேன்."
யாரும் பார்க்கவில்லையே என்றேன்.
"ஆமாம். நான்தான் பார்த்தேன்."

திரும்பும் படகில்
நான் நினைத்தது அவரை அல்ல.
குறை தேடி வருகிறவர் கண்ணில்
ஒரு துரும்பும் படக்கூடாதென்று
அந்தக் கதைவீட்டைப் பெருக்கிக்கொண்டே இருந்தேன்.
குடியிருந்தவர்களையும் சேர்த்து
வெளியே தள்ளிவிட்டிருக்கிறேன்.
பன்னிரண்டு வருடம்
இரண்டு பெண்களுக்குக் கோபமே வராமல்
பார்த்துக்கொண்டேன்.
உருளைக்கிழங்கு ஒரே அளவில் சீவினார்கள்.
சம்பளமில்லாத தூதர்கள் போல் புன்னகைத்தார்கள்.

பென்சிலை எடுத்தேன்.
ஒன்பதாம் பக்கத்தின் ஓரத்தில்,
அலை தூக்கித் தூக்கிப் போட, கோணல் எழுத்தில்:
"தோலைத் தொட்டியில் போடாதே என்று
எத்தனை தரம் சொல்வது உனக்கு?"
என்றாள் ஒருத்தி.

மற்றவள் என்ன சொல்லியிருப்பாள்?
யோசிப்பதற்குள் கரை வந்துவிட்டது.
போகட்டும்.
நாளைக்குக் காலையில் ஒரு பள்ளி இருக்கிறது,
ஏழு பிள்ளைகள்.
கேட்டுக்கொள்கிறேன்.