மார்லாவில் பொய் சொன்ன வாரம்

பதினான்கு பெட்டிகள்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆன்டெனா, உள்ளங்கையளவு சூரியத் தகடு,
எலி கடிக்காதிருக்க வயரைச் சுற்றி இரும்பு வலை.
மஃபாத் பள்ளத்தாக்குக்குள் சாலை கிடையாது.
நடக்க வேண்டும், இல்லையென்றால்
வியாழக்கிழமை ஹெலிகாப்டர்.
கம்பியும் இல்லை, கோபுரமும் இல்லை.
பெட்டிக்குப் பெட்டி கைமாறித்தான்
ஒரு சொல் மைதோ முகட்டில் ஏறும்.

வழியை யாரும் வரைந்து கொடுப்பதில்லை.
தேவைப்படும்போது ஒரு பெட்டி கேட்கும்:
மைதோவுக்கு வழி தெரியுமா?
தெரியாதது பக்கத்தில் இருப்பதைக் கேட்கும்.
ஏதோ ஒன்று, தெரியும் என்னும்.
கேட்டது நம்பிவிடும்.
நெறிமுறை என்று நாங்கள் சொல்வது
பெரும்பாலும் இந்த நம்பிக்கையைத்தான்.

எவ்வளவு தாங்கும் என்று அளக்க வந்தவள் நான்.

முதல் வாரம் கொலை.
ஓரேரில் ஒன்றை அணைத்தேன், ரோஷ் பிளாத்தில் இரண்டை.
வலை முனகக்கூட இல்லை.
நான்காவதில் திணறியது;
பதினோரு விநாடி கழித்து
பாறையைச் சுற்றி வேறு வழி பிடித்தது.
சாவுக்கு அது எப்போதும் தயார்.

இரண்டாம் வாரம் பொய்.
மார்லா பெட்டிக்கு நானே எழுதிக் கொடுத்தேன்:
யார் கேட்டாலும் முந்திக்கொண்டு சொல்,
"மைதோவா? இதோ, என் பக்கத்து வீடு."
வருவதை வாங்கிக்கொள்.
எங்கும் அனுப்பாதே.

எல்லாம் வந்தன.
கிணற்றுக்குள் கல் விழுவதுபோல்கூட இல்லை,
கல்லுக்குச் சத்தமாவது உண்டு.
சேந்தெனியிலிருந்து வானொலியில் வெல்லயூதோம்:
"நாற்பத்தொரு சதவீதம்தான் சேர்கிறது. அருமை!"
வேலாயுதம் என்று கிளம்பிய பெயர் அது.
ஐந்து தலைமுறை கைமாறியதில்
எழுத்து நனைந்திருக்கிறது.
ஆனாலும் சேர்ந்துவிட்டது.

விழுங்கியவற்றைத் திறந்து பார்த்தேன்.
சோதனைப் பொட்டலங்களில் எண் மட்டும்தான் இருக்கும்.
2315.
2316.
"காஸ் தீர்ந்துவிட்டது. வியாழன் ஒரு சிலிண்டர் போடு.
வெங்காயம் இரண்டு கிலோ. ரோஸ்மே, லா நூவெல்."
2318.

பெட்டி மாட்டிய அன்று
அவள் கூரைக்கு ஏணி பிடித்தவள் ரோஸ்மே.
இதில் எழுதினால் சென்-போல் கடைக்குப் போகுமா என்றாள்.
போகும் என்றார் வெல்லயூதோம்.
சோதனை முடிந்த பிறகு என்பதைச் சொல்ல
இருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு கட்டளை தட்டியிருந்தால் பொய் நின்றிருக்கும்.
தட்டவில்லை.
இன்னும் இரண்டரை மணி நேரத் தரவு பாக்கி.
அதை இழக்க மனமில்லாமல்
ரெயின்கோட் மாட்டிக்கொண்டு
தைபி கணவாய்க்கு ஏறினேன்.
மூடுபனி. சறுக்கல். முழங்காலில் சிராய்ப்பு.
உச்சியில் போனுக்கு ஒரு கோடு சிக்னல் வந்தது.
கடைக்காரரிடம் சொன்னேன்: சிலிண்டர் ஒன்று, வெங்காயம் இரண்டு கிலோ.
தாமதம்: ஒரு மணி ஐம்பது நிமிடம்.
தாவல்கள்: ஒன்று. அது நான்.
அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை.

வியாழன் லா நூவெலில் இறங்கியவை
இரண்டு சிலிண்டர், நான்கு கிலோ வெங்காயம்.

பதில் வராததால் ரோஸ்மே
அன்று மதியமே ஓடையோரம் நின்று கத்தியிருக்கிறாள்.
அக்கரையில் புல் அறுத்தவன் கேட்டு
மலையேற வந்த யாரோ இருவரிடம் சொல்லி,
அவர்கள் மைதோவில் பஸ் டிரைவரிடம் சொல்லி,
இரவுக்குள் கடைக்குப் போய்விட்டது.
எல்லோரிடமும் கத்து, யாராவது சேர்ப்பார்கள்:
எங்கள் பாடநூல் முதல் அத்தியாயத்திலேயே
வீண் என்று தள்ளிவைத்த முறை.

ஒரே செய்தி இரண்டுமுறை வந்தால்
இரண்டாவதை அழித்துவிடு என்பது விதி.
சொல்லிப் பார்த்தேன்.
"அடுத்த மாதமும் உன் பெட்டி இப்படித்தானே இருக்கும்,"
என்று சொல்லி
இரண்டாவது சிலிண்டரை உருட்டிக்கொண்டு
உள்ளே போனாள் ரோஸ்மே.