முப்பத்து நான்குக்கு முப்பத்து நான்கு

நூற்று அறுபத்தைந்து பவுண்டு எடைப்பிரிவு.
கடைசி அரை பவுண்டை
வரலாற்று வகுப்பில், காகிதக் கோப்பையில்
எச்சில் துப்பித் துப்பியே குறைத்தேன்.
எவரார்டோ கின்டானா என்ற என் பெயரை
அறிவிப்பாளர் மூன்று விதமாக உடைத்து
நான்காவதில் தப்பித்துக்கொண்டார்.
எதிரே ஆர்லோ ஸ்வோபோடா.
காதுகள் இரண்டும் வெந்த காலிஃபிளவர்.

நாற்பத்தொரு விநாடி.
காலைப் பிடிக்கப் பாய்ந்தேன்,
கால் அங்கே இல்லை,
அப்புறம் கூரை விளக்குகள் இருந்தன.
பதினெட்டு. ஒன்று எரியவில்லை.
நடுவர் கன்னம் தரையில் பதியப் படுத்து
என் தோளுக்கும் பாய்க்கும் நடுவே
வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார்.
தோள் இரண்டும் தொட்டால் தோல்வி.
உள்ளங்கையால் அறைந்தார்,
பாய் என் முதுகுக்குள் அதிர்ந்தது.

குப்புற விழுந்தவனாவது
மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.
நான் விழுந்தது மல்லாக்க.
நெப்ராஸ்காவின் உடற்பயிற்சிக் கூடத்தில் மண்ணும் இல்லை,
எனக்கு மீசையும் இன்னும் சரியாக வரவில்லை.

நடுவட்டத்தில் எங்கள் இருவர் மணிக்கட்டையும்
நடுவர் பிடித்துக்கொண்டு நின்றார்.
எந்தக் கை மேலே போகும் என்று
பாப்கார்ன் விற்பவருக்கும் தெரியும்.
போகாத கையை என்ன செய்வதென்று
பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள்.
என் கை அதைக் கேட்கவில்லை,
தலைக்காப்பைக் கழற்றி எறிந்தது.
கை என்கிறேன். நான்தான்.
வார் அறுந்து, மேசையில் மோதி,
கணக்கெழுதும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின்
பென்சிலை உருட்டிவிட்டது அது.
அணிக்கு ஒரு புள்ளி கழிவு.

ஒரு புள்ளிதானே என்று நினைத்தேன்.

கடைசி ஆட்டத்தில் எங்கள் டாபின்,
இருநூற்று எழுபது பவுண்டு மனிதன்,
அழுதுகொண்டே ஜெயித்தான்.
பலகையில் முப்பத்து நான்குக்கு முப்பத்து நான்கு.
கூடம் முழுக்க எழுந்து நின்றது.
விதிப்புத்தகத்தைப் பிரித்தார்கள்:
சமநிலை என்றால் முதலில்
யார் ஒழுங்கு தவறினார்கள் என்று பார்க்க வேண்டுமாம்.
பார்த்தார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை.
டாபின் மட்டும் தன் ஆரஞ்சில் பாதியை
என் மடியில் வைத்துவிட்டுப் போனான்.
ஒரு சுளைகூடத் தொண்டையில் இறங்கவில்லை.
பொய். எல்லாவற்றையும் தின்றேன். பசி.

பென்சிலைத் தேடிக் கொடுத்தபின்
ஷூ மாற்றாமல் பனியில் நடந்தேன்.
அவர்கள் பேருந்து புகைவிட்டுக்கொண்டு நின்றது.
வாசலிலிருந்து பேருந்துவரை
ஒரு வாக்கியத்தை உருப்போட்டேன்;
கதவு திறந்ததும் பாதி மறந்துவிட்டது.
அவர்களுடைய பயிற்சியாளர் கையுறையைக் கழற்றிக் கை கொடுத்தார்.
ஆர்லோ மூன்றாம் வரிசையில்
கடலை வெண்ணெய் ரொட்டியோடு இருந்தான்.
கை பிசுபிசுத்தது.
மென்றுகொண்டே சொன்னான்:
"பாயும் முன்னால் நீ மூச்சை இழுக்கிறாய்.
ஊருக்கே கேட்கிறது."

கொடையா, கேலியா?
கூடத்துக்குத் திரும்பி
பாய்க்குக் கிருமிநாசினி துடைப்பம் போட்டபோதும் யோசித்தேன்.
என் முதுகு விட்டுப்போன ஈரம் எது,
அவன் முழங்கால் ஈரம் எது
என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.
எல்லாம் எலுமிச்சை வாசனையாகிவிட்டது.

பிப்ரவரியில், மாவட்டப் போட்டியில்
மறுபடி அவன்.
மூச்சை அடக்கிக்கொண்டு பாய்ந்தேன்.
கால் அங்கேயே இருந்தது.
அவன் முகத்தில் ஒரு கணம்,
சொல்லித் தொலைத்தோமே என்பது போல ஒன்று.
ஆறு நிமிடமும் போனது.
இரண்டு புள்ளியில் தோற்றேன்.

நடுவர் மணிக்கட்டுகளைப் பிடித்தார்.
போகாத கை துடித்தது, பழைய புத்தி.
தலைக்காப்பு தலையிலேயே இருந்தது.
அறுந்த வாருக்குப் பதில் ஷூ கயிற்றால்
அவ்வளவு எளிதில் அவிழாத முடிச்சு,
இரண்டு போட்டிருந்தேன்.