ஸெய்ஷ்

ஹெர்மான்ஸ் துறையில் காலை ஏழு பத்துக்கு
மார்லீஸ் துபூவின் படகு
தரையில் உட்கார்ந்திருந்தது.
கயிறு அறவில்லை. யாரும் இழுக்கவில்லை.
ஜெனீவா ஏரிதான்
ஒன்றரைச் சாண் இறங்கி
தள்ளி நின்றது.

பாசிக் கற்கள், ஒரு கரண்டி,
போன கோடையில் எவரோ தொலைத்த மூக்குக்கண்ணாடி,
எல்லாம் வெளிச்சத்தில் கூசின.

"ஸெய்ஷ்" என்றாள் மார்லீஸ்
தெர்மாஸைத் திறந்தபடி.
"போய்த் திரும்ப எழுபத்து மூன்று நிமிஷம்."

அலை என்று சொல்ல நுரை இல்லை.
ஓதம் என்று சொல்ல
நிலாவின் மேல் பழி போட முடியாது.
நிறைந்த அண்டாவை இருவர் தூக்கி
ஒருவர் முந்திக்கொண்டு இறக்கி வைத்தால்
ததும்புமே, அது.
அண்டாவின் நீளம் மட்டும் எழுபது கிலோமீட்டருக்கு மேல்.

அளவு நிலையத்துக்குப் புதிதாய் வந்த தியெபோ
இந்தச் சொல்லை அகராதியில் பார்த்திருக்கிறான்.
முதல் பொருள்: கணவாய்.
பத்துக் கைகள், ஒரு பை மை.
"இந்த ஏரியிலா?" என்று அவன் கேட்டதை
மார்லீஸ் மூன்று மீன்கடைகளில் சொல்லிவிட்டாள்.

எனக்குச் சிரிக்க உரிமையில்லை.
என் மொழியிலும் கணவாய்
கடலில் மை கக்குகிறது,
மலையில் வழி விடுகிறது.
நேற்றிரவு அப்படியொரு கணவாய் வழியாகத்தான்
காற்று இறங்கி
ஏரியை ஒரு முனைக்குத் தள்ளிப் பிடித்திருந்து
விடியும்போது கையை எடுத்தது.

சொல்லின் வேரைத் தோண்டியவர்களில் சிலர்
லத்தீன் மண்ணில் 'உலர்ந்த' என்பதைத் தொட்டார்கள்.
சிலர் இல்லை, அமிழ்தல் என்றார்கள்.
யாரும் சத்தியம் செய்யவில்லை.
நான் உலர்வின் கட்சி.
பெயர் வைத்தவன் ஏரியைப் பார்க்கவில்லை,
தன் காலடியைப் பார்த்தான்.
நேற்று வரை நீர் இருந்த இடத்தில் சேறு.
காய்ந்துவிட்டது என்றான், அவ்வளவுதான்.
பிறகு அந்தக் கரைப்பேச்சைப்
படித்தவர்கள் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள்.
இன்று பால்டிக் கடலிலும்
பூமி நடுங்கிய ஊரின் நீச்சல்குளத்திலும்
நீர் ஆடினால்
வறட்சியின் பெயரால் ஆடுகிறது.

அவன் மறுமுனையில் பிறந்திருந்தால்?

மார்லீஸின் கைபேசி அதிர்ந்தது.
வீல்நவ்விலிருந்து ஜோஸ்லீன், தங்கை.
அப்பாவின் வலைக்கொட்டகையை விற்ற நாள் முதல்
இருவரும் புத்தாண்டுக்குக்கூடப் பேசியதில்லை.
"மிதிபடகுகளைக் கட்டுகிறேன்,
இங்கே நாலு விரல் ஏறியிருக்கிறது.
அங்கே இறங்கியிருக்குமே?"
"ஒன்றரைச் சாண்" என்றாள் இவள்.
"உனக்கு எப்போதும் அதிகம்தான்."
"இறங்குவதிலா?"
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
இரண்டு பேருடைய மூச்சு.

நடுவே ஏதோ ஓரிடத்தில்
இந்நேரம் ஒருவன் தூண்டில் போட்டிருப்பான்.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்பான்.
அவனிடம் சொல்லே பிறந்திருக்காது.

தியெபோ பதிவேட்டில் நேரம் எழுதினான்,
அளவு எழுதினான்,
காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்து
எடுத்துவிட்டான்.

படகு ஒருமுறை முனகி
மிதக்கத் தொடங்கியது.
மார்லீஸ் பேசிக்கொண்டே இருந்தாள்.
மூக்குக்கண்ணாடியின் மேல் முதலில் ஒரு கண்ணாடி,
பிறகு மற்றதும்
நீர் மூடிக்கொண்டது.