பெடல் இல்லாத பக்கம்

பதினேழு அங்குல ரிம்தான் முதலில் வந்தது.
அழகுக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன்.
பாயான் லெப்பாஸ் ஆலையில்
இரண்டு மாத ஓவர்டைம்
நான்கு வட்டங்களாகி
ஃப்ளாட் அடியில் நின்றது.

தொண்ணூற்றொன்பதாம் வருடத்துச் சத்ரியா,
அப்பாவின் சப்பாத்தை மாட்டிக்கொண்ட பிள்ளைபோல.
ஆரங்களின் சந்தில் குனிந்து பார்த்தால்
பழைய சின்ன டிஸ்க்:
தலைவாழை இலையின் நடுவே
ஒற்றை அப்பளம்.

அழகின் எடை எவ்வளவு என்று
துன் சார்டோன் சாலை சொன்னது.
பாலிக் பூலாவ் இறக்கம்,
ஏழாவது வளைவோ எட்டாவதோ,
ஊறிய ரொட்டியை மிதித்ததுபோல்
பெடல் போய்க்கொண்டே இருந்தது.
கியரை இரண்டுக்கு இழுத்தேன்.
எஞ்சின் கத்தியது. கைப்பிரேக்.
டுரியான் கடைத் தார்ப்பாய்க்கு
இரண்டு முழம் முன்னால் நின்றோம்.
கடைக்காரர் கையிலிருந்த பழத்தைக் கீழே வைக்கவில்லை.
கருகிய நெடி
டுரியானையே தோற்கடித்தது.

குணாளன் ஒரு வார்த்தை பேசவில்லை.
பக்கத்து இருக்கையில் அவன் வலது கால்
விரிப்பை அழுத்தியபடியே இருந்தது.

பட்டர்வொர்த் பக்கம் ஹாஃப்கட் கடை.
ஜப்பானில் இடுப்போடு அறுத்த காடிகள்
முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடுக்கடுக்காய்.
ஒன்றின் கண்ணாடியில் இன்னும் தொங்கியது
யாரோ கட்டிவிட்ட சிவப்புக் காப்புக் கயிறு.
அதன் நான்கு பிஸ்டன் காலிப்பரைக் கேட்டேன்.
ஆயிரத்து நானூறு வெள்ளி, என்றார் ஹோக் செங்.
ஆயிரத்து நூறு, என்றேன்.
காடி உன் சுவாமியுடையதா, என்றார் மலாயில்.
மலாயில் புருஷனுக்குச் சுவாமி என்று பெயர்.
என் சாமிக்கு லைசென்சே கிடையாது,
இதைத் தமிழில் எனக்குள் சொல்லிக்கொண்டு
ஆயிரத்து இருநூறு எண்ணி வைத்தேன்.

மைலோ பெட்டி அட்டையில்
காலிப்பரின் உருவம் வெட்டி
ரிம்முக்குள் வைத்துப் பார்த்தேன்.
ஆரத்துக்கும் அதற்கும் மூன்று மில்லிமீட்டர்.
மூச்சு விடலாம், தும்மக் கூடாது.
பழைய பதினைந்துக்குள் இது நுழைந்தே இருக்காது.
அழகுக்கு வாங்கிய இடம்தான்
கடைசியில் இடம் கொடுத்தது.

குழாயில் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும்.
குணாளனை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன்,
முதல் முறையாக.
பின் இடதில் தொடங்கினோம், தூரத்துச் சக்கரம் முதலில்.
அழுத்து. பிடி. விடாதே.
தெளிந்த குழாயில்
குமிழி குமிழியாய் வந்து
மினரல் பாட்டிலில் செத்தது காற்று.
இப்போ விடு.
மறுபடி அழுத்து. பிடி, பிடி, விடாதே.
மூன்றாம் மாடி மக்சிக் சுரயா
பிரசவம் பார்க்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தார்.
பதினொரு வருடத்தில்
நான் சொன்னதை அவன்
இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை.
நானும் இவ்வளவு சுருக்கமாகச்
சொன்னதில்லை.

புது பேட் படிய வேண்டும்.
விடியற்காலை மூன்று மணி, கடலோர நெடுஞ்சாலை.
எண்பதிலிருந்து இருபதுக்கு, பத்து முறை.
முழுசாய் மட்டும் நிற்கக் கூடாது,
சூட்டில் நின்றால் பேட் டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும்.
வலது பக்கம் பாலத்து விளக்குகள்
நாங்கள் குனியும்போதெல்லாம் குனிந்தன.
ஆறாவது முறை, பச்சைப் பெயின்ட் எரியும் வாசம்.
எட்டாவது முறை அவன் கேட்டான்:
நிற்காமலே நிறுத்தப் பழகுவதா இது?
பதில் யோசிப்பதற்குள் ஒன்பது.

பிறகு ஆறவிட்டு, ஊரைச் சுற்றி,
வெளுக்கும் நேரத்தில் அதே இறக்கம்.
பெடல் மேலேயே கல்லாய் நின்றது.
கட்டைவிரல் நினைத்தால் போதும்,
காடி மூக்கைத் தாழ்த்தியது.
எட்டாவது வளைவு.
டுரியான் கடையில் வெறும் பலகை,
மடித்த தார்ப்பாய், ஒரு நாய்.
நாய் எழுந்திருக்கக்கூட இல்லை.

ஓரக்கண்ணால் பார்த்தேன்.
அவன் கால் அழுத்திக்கொண்டிருந்தது.
அந்தப் பக்கம் பெடல் இல்லை, என்றேன்.
தெரியும், என்றான்.
ஆனா பாதி நான்தான் நிறுத்துறேன்.

ஞாயிற்றுக்கிழமை காடி கழுவும்போது
விரிப்பை எடுத்து உதறினேன்.
அவன் கால் வைக்கும் இடத்தில்
ஐம்பது காசு அகலத்துக்கு ஓட்டை.
வெளிச்சம் தெரிந்தது.
இந்த மாடலுக்கு விரிப்பு
இன்னும் கிடைக்கிறதா,
ஹோக் செங்கைக் கேட்க வேண்டும்.