புள்ளிக்குப் பின்னால்

காலை நாலரை.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
சரக்கு வண்டி போய்க்கொண்டே இருக்கிறது.
ஈரச்சாக்கு சுற்றிய கேனோடு
அந்தப் பக்கம் தனகோட்டி
பெட்டிகளை எண்ணுகிறாள்.
ஐம்பத்தெட்டாம். வந்ததும் சொன்னாள்.
எண்ணிக்கையில் அவள் தப்புவதில்லை.

இந்தப் பக்கம் நான்,
சங்கத்து டெஸ்டர்.
ஒரு மேசை, ஒரு மிஷின், ஒரு பச்சை நோட்டு.
கரண்டிப் பால் குழாய்க்குள் போகும்,
நாற்பது விநாடி உறுமல்,
பிறகு அது சொல்வதுதான் சத்தியம்:
கொழுப்பு மூன்று புள்ளி ஏழு.
இதரச் சத்து ஏழு புள்ளி ஒன்பது.
"ரேட்டு கொறையும்மா" என்று சொல்ல
எனக்கு மாதம் பதினோராயிரம்.

"தண்ணி ஊத்துறியா?"
நான் ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்காததை
பேனாவை அழுத்திப் பிடித்து எழுதுவேன்,
அவளுக்குக் கேட்கும்படி.

அவள் மாட்டின் பெயர் மெட்ரோ.
ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த வருஷம்
தகரத் தடுப்போரம் பிறந்தது.
அதை அவிழ்த்துவிட முடியாது,
மாநகராட்சி வண்டி வரும்.
அவிழ்த்துவிட்டால் கொடுங்கையூர்ப் பக்கம் போகும்,
பாலிதீன் தின்று வரும்.
ஆகவே கட்டுத்தறி, ஆகவே காசு:
பொன்னேரி வைக்கோல், தவிடு,
பருத்திக்கொட்டை,
மார்க்கெட்டில் கெஞ்சி வாங்கும் காலிஃபிளவர் தழை.
இவ்வளவும் போட்ட மாடு
மூன்று புள்ளி ஏழா என்று
அவள் மிஷினைக் கேட்கவில்லை.
மாட்டைக் கேட்டிருக்கிறாள்.
பத்து நாள் ராத்திரி, மடியைத் தடவித் தடவி.

பிறகு ஒரு வியாழக்கிழமை
அவள் கேனில் பாதி,
சகாயமேரி கேனில் பாதி.
வரிசையில் முதலில் இவள்,
ஏழு பேர் தள்ளி அவள்.
எனக்குத் தெரியாது.
எழுதினேன்:
தனகோட்டி மூன்று புள்ளி ஏழு.
சகாயமேரி நான்கு புள்ளி இரண்டு.

"ரெண்டும் மெட்ரோதாண்ணே"
என்றாள்.
குரல் உயர்த்தவில்லை.
வரிசை மட்டும் வளைந்து
மேசையைச் சுற்றி நின்றது.
மொய்தீன் பீ தன் பாலைக் கொடுத்து
"மூணு வாட்டி ஊத்து" என்றாள்.
மூன்று வாட்டியும் மூன்று விதம்.
யாரோ சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்புக்கு அடிவாங்கியிருக்கலாம்.

மாதவரத்திலிருந்து மெக்கானிக் வந்தான்.
நாலு திருகு. உள்ளே குழாய்ச் சுவரில்
வெள்ளையாய்ப் படிந்திருந்தது.
கழுவும் மருந்து தீர்ந்து
மூன்று லெட்டர் போட்டிருந்தேன்.
பதில் வரும்வரை என்று
போர் தண்ணீரில் கழுவினேன்.
இந்த ஊர் போர் தண்ணீரை
எங்கள் வீட்டுச் சோப்பே மதிக்காது.
தெரிந்துதான் கழுவினேன்.

தனகோட்டி விரலால் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
"உப்பு"
என்றாள், சமையல் ருசி சொல்வதுபோல.

அன்று ராத்திரி பச்சை நோட்டைப் புரட்டினேன்.
எழுபது நாள்,
நாளுக்குப் பதினோரு லிட்டர்,
லிட்டருக்கு மூன்று ரூபாய் கழிவு.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து.
இது ஒருத்தியுடையது.
இன்னும் முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள்.
செயலாளரிடம் காட்டினேன்.
"பழைய கணக்குக்கு விதியில்ல" என்றார்.
ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.
எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.
அது இருக்கிறது, ஏதோ ஒரு ஃபைலில்.

இப்போது தினமும்
முதல் பாலை இரண்டு தடவை ஊற்றுகிறேன்,
எல்லோர் கண் முன்னும்.
மருந்துப் பாட்டில் மேசைமேல் நிற்கிறது.
தீரும் முன்பே
மொய்தீன் பீ கோடு போட்டுக் காட்டிவிடுகிறாள்.
நான்கு புள்ளி இரண்டு. நான்கு புள்ளி ஒன்று.
நான்கு புள்ளி இரண்டு.

தனகோட்டி சீட்டைக் கிழித்து வாங்கி
ரவிக்கைக்குள் வைக்கிறாள்.
என்னோடு பேச்சு அவ்வளவாக இல்லை.
சரக்கு வண்டி போன பிறகும்
கேட் கொஞ்சநேரம் மூடியே இருக்கும்.
அந்த நேரத்தில்
அந்தப் பக்கத்திலிருந்து கூவுகிறாள்:
"எண்ணே, ரெண்டாயிரத்து முன்னூத்திப் பத்து!"
தினமும்.
தண்டவாளம் தாண்டி.